சென்ட்மெயிலிலிருந்து போஸ்ட்ஃபிக்ஸுக்கு: மெயில் சர்வரை மாற்றுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பத்துப் பதினைந்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு லினக்ஸ் சர்வர். அதில் மெயிலை வாங்கி அனுப்பச் சென்ட்மெயில், ஆளுக்கு ஒரே கோப்பாக எம்பாக்ஸ் அஞ்சல் பெட்டி, அதை அவரவர் கணினியிலிருந்து படிப்பதற்குப் பழைய யூடபிள்யூ ஐமேப். இதில் வாங்கி அனுப்புவதைப் போஸ்ட்ஃபிக்ஸுக்கும் படிப்பதை டவ்காட்டுக்கும் மாற்றப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஐம்பதிலிருந்து இருநூறு பேர் வரை வேலை பார்க்கும் அலுவலகத்தை மனதில் வைத்து எழுதியது.

நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்காக மாற்ற வேண்டும்?

சென்ட்மெயில் மோசமான மென்பொருள் என்று நான் சொல்ல மாட்டேன். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் எழுதி, 1983இல் பிஎஸ்டி யூனிக்ஸோடு வெளிவந்தது. இணையத்தின் அஞ்சலைப் பல வருடங்கள் அதுதான் சுமந்தது. 2024 ஜனவரியில்கூட 8.18.1 பதிப்பு வந்தது. அதற்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

சிக்கல் அதைப் பராமரிக்க ஆள் கிடைக்காததுதான். எம்4 என்ற மேக்ரோ மொழியில் ஒரு கட்டமைப்புக் கோப்பு எழுதி, அதிலிருந்து இன்னொரு கோப்பை உருவாக்க வேண்டும். அந்த இரண்டாவது கோப்பைத் திறந்து பார்த்தால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருக்கும். அமைத்துக் கொடுத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டால், அடுத்து வருகிறவர் தொடவே பயப்படுவார். தொடாமல் விட்ட சர்வர்தான் அப்டேட் இல்லாமல் கிடக்கும்.

அடுத்தது பாதுகாப்பு. சென்ட்மெயில் ஒரே பெரிய நிரலாக, சர்வரில் எதையும் செய்ய முடிகிற ரூட் அதிகாரத்தோடு வளர்ந்தது. 1988 நவம்பர் 2 அன்று கணினிக்குக் கணினி தானே பரவிய மாரிஸ் புழு என்ற நிரல் நுழைந்த வழிகளில் ஒன்று, சென்ட்மெயிலில் பிழை தேடுவதற்காக வைத்து, திறந்தே விடப்பட்டிருந்த டீபக் வசதி. இந்த அனுபவங்களுக்குப் பிறகு வீட்சே வெனமா ஐபிஎம் ஆய்வகத்தில் இருந்தபடி எழுதி 1998 டிசம்பரில் வெளியிட்டதுதான் போஸ்ட்ஃபிக்ஸ். வாங்குவதற்கு ஒரு நிரல், வரிசையைக் கவனிக்க ஒன்று, பெட்டியில் போட ஒன்று என்று சின்னச் சின்னதாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தேவையான அதிகாரம் மட்டும் கொடுத்தார். 2010இல் வந்த ரெட்ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 6 முதல் அங்கே அதுவே இயல்பு மெயில் சர்வர்.

அதற்காக, மாற்றியதும் பாதுகாப்பு தானாக வந்துவிடாது. 2023 டிசம்பரில் வெளியான எஸ்எம்டிபி ஸ்மக்ளிங் என்ற ஓட்டை (எஸ்எம்டிபி என்பது மெயில் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் முறை) போஸ்ட்ஃபிக்ஸ், சென்ட்மெயில், எக்ஸிம் என்ற மூன்று மெயில் சர்வர்களையும் பாதித்தது. எதை வைத்திருந்தாலும் அப்டேட் போட்டே ஆக வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்றிவிடலாமா?

வேண்டாம். இதில் இரண்டு வேலை இருக்கிறது. மெயிலை வாங்கி அனுப்பும் மென்பொருளை மாற்றுவது ஒன்று. மெயில் கிடக்கும் பெட்டியின் வடிவத்தையும் அதைப் படிக்கும் மென்பொருளையும் மாற்றுவது இன்னொன்று. முதல் வாரம் சென்ட்மெயிலை மட்டும் எடுத்துவிட்டுப் போஸ்ட்ஃபிக்ஸை வையுங்கள், அதே எம்பாக்ஸ் கோப்புகளிலேயே போடட்டும். ஏதாவது தப்பு நடந்தால் ஒரு நிமிடத்தில் பழையபடி திரும்பிவிடலாம், ஏனென்றால் பெட்டிகளை யாரும் தொடவில்லை. அது நிலைத்த பிறகு பெட்டிகளுக்குப் போகலாம். இரண்டையும் சேர்த்துச் செய்தால், தப்பு எந்தப் பக்கம் என்று தேடுவதிலேயே காலை விடிந்துவிடும்.

மாற்றும் நேரத்தில் வரும் மெயில் தொலைந்துவிடாதா?

எல்லோரும் முதலில் பயப்படுவது இதற்குத்தான். ஆனால் சர்வர் நின்றிருப்பதால் மெயில் தொலையாது. உங்கள் சர்வர் பதில் சொல்லவில்லை என்றால், அனுப்பும் சர்வர் அந்த மெயிலைத் தன் வரிசையில் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயலும். நாலைந்து நாளாவது முயன்ற பிறகே கைவிட வேண்டும் என்று எஸ்எம்டிபி விதிகள் சொல்கின்றன. சென்ட்மெயில், போஸ்ட்ஃபிக்ஸ் இரண்டிலும் இயல்பு அளவு 5 நாள். இரண்டு மணி நேரம் நிறுத்துவது பெரிய விஷயமே இல்லை.

மெயில் தொலைவது, சர்வர் ஓடிக்கொண்டே தப்பான பதில் சொல்லும்போது. எஸ்எம்டிபியில் 4இல் தொடங்கும் பதிலுக்கு "இப்போது முடியாது, அப்புறம் வா" என்று பொருள். 5இல் தொடங்கினால் "முடியாது, போ" என்று பொருள். உங்கள் புதிய சர்வரில் ஒருவருடைய முகவரியைச் சேர்க்க மறந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். அது 550 சொல்லி, அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று அனுப்பியவரைத் திருப்பிவிடும். அவர் வேலைக்கு விண்ணப்பித்தவராக இருக்கலாம், ஆர்டர் கொடுக்க வந்தவராக இருக்கலாம். பலர் மறுபடி அனுப்ப மாட்டார்கள்.

இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்தால் மற்ற முடிவுகள் எல்லாம் எளிதாகிவிடும்: சந்தேகம் இருக்கும் நேரத்தில் சர்வர் "அப்புறம் வா" என்றுதான் சொல்ல வேண்டும். அதுவும் முடியவில்லையா, கதவைச் சாத்திவிடுங்கள். தப்பான பதிலைவிடச் சாத்திய கதவு மேல்.

அதற்கு ஏதாவது வசதி இருக்கிறதா?

இருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸில் சாஃப்ட் பவுன்ஸ் என்று ஓர் அமைப்பு. அதை இயக்கிவிட்டால், 5இல் போக வேண்டிய பதில்கள் எல்லாம் 4ஆக மாறும். திருப்பி அனுப்ப வேண்டிய மெயிலும் வரிசையிலேயே காத்திருக்கும். மாற்றும் இரவில் இதை இயக்குவது கட்டாயம் என்றே சொல்வேன். காலையில் லாகைப் பார்த்து, எந்த முகவரிக்கு வந்த மெயில் தடுக்கப்பட்டது என்று தேடி, விட்டுப்போனதைச் சேருங்கள். சேர்த்ததும் காத்திருந்த மெயில் தானே வந்து விழும்.

ஆனால் தப்பான பெட்டிக்குப் போன மெயிலை இது காப்பாற்றாது. ராமுக்கு வந்ததை ரஹீமின் பெட்டியில் போட்டிருந்தால் போட்டதுதான். இரண்டு மூன்று நாளில் இதை மறக்காமல் அணைத்தும்விடுங்கள். இல்லாவிட்டால் முகவரியைத் தப்பாக அடித்தவருக்கு 5 நாள் கழித்துத்தான் தகவல் தெரியும்.

பழைய கட்டமைப்புக் கோப்புகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

ஒரு பெயருக்கு வரும் மெயிலை வேறு பெயருக்கோ நிரலுக்கோ திருப்பும் ஏலியாஸ் கோப்பை எடுத்துக்கொள்ளலாம், வடிவம் ஒன்றே. ஒவ்வொருவர் வீட்டு அடைவிலும் உள்ள ஃபார்வர்ட் கோப்புகளும் வேலை செய்யும். சென்ட்மெயில் என்ற கட்டளையைப் போஸ்ட்ஃபிக்ஸும் அதே பெயரில் தருகிறது. அதனால் பிஎச்பி, நேரம் குறித்து நிரல் ஓட்டும் கிரான் வழியாக மெயில் அனுப்பும் நிரல்களைத் தொட வேண்டாம்.

ஏலியாஸிலிருந்து ஒரு ஸ்கிரிப்டை இயக்கும் வரிகளை மட்டும் தனியாகச் சோதியுங்கள். கோப்பு ரூட்டுக்குச் சொந்தம் என்றால் போஸ்ட்ஃபிக்ஸ் அந்த ஸ்கிரிப்டை அதிகாரம் எதுவும் இல்லாத நோபடி என்ற பயனராக இயக்கும். முன்பு எழுத முடிந்த கோப்பில் இப்போது எழுத முடியாமல் போகலாம்.

எந்த முகவரி யாருக்கு என்று சொல்லும் விர்ட்யூசர் அட்டவணை போஸ்ட்ஃபிக்ஸின் விர்ச்சுவல் ஏலியாஸாக மாறும், எந்த டொமைனுக்கான மெயிலை எந்த வழியில் அனுப்புவது என்று சொல்லும் மெயிலர் அட்டவணை டிரான்ஸ்போர்ட்டாக மாறும், இந்தச் சர்வரே ஏற்கும் டொமைன்களின் உள்ளூர்ப் பெயர்ப் பட்டியல் மைடெஸ்டினேஷனில் போய்ச் சேரும். ஒரே டொமைனை மைடெஸ்டினேஷனிலும் விர்ச்சுவல் டொமைன் பட்டியலிலும் எழுதிவிடாதீர்கள். லாகில் எச்சரிக்கை வரும், அதைப் பலர் படிப்பதில்லை.

யாரை ஏற்பது, யாரைத் தடுப்பது என்று சொல்லும் ஆக்சஸ் கோப்பை மட்டும் அப்படியே கொண்டுவரக் கூடாது. பார்க்க ஒன்று போல இருந்தாலும் பொருள் வேறு. சென்ட்மெயிலில் சாதாரணமாக எழுதிய ஓகே என்ற சொல், போஸ்ட்ஃபிக்ஸில் தப்பான இடத்தில் விழுந்தால் உங்கள் சர்வர் வழியாக யார் வேண்டுமானாலும் யாருக்கும் மெயில் அனுப்பலாம் என்று ஆகிவிடும். போஸ்ட்ஃபிக்ஸ் 2.10 பதிப்பிலிருந்து, இப்படி மெயிலை வெளியே கடத்திவிடும் ரிலேவுக்கென்று தனிக் கட்டுப்பாடு இருக்கிறது, அதைக் காலியாக விடாதீர்கள். எந்த முகவரிகள் நம் வீட்டு நெட்வொர்க் என்று சொல்லும் மைநெட்வொர்க்ஸையும் நீங்களே எழுதிவிடுங்கள். 3.0க்கு முந்திய பதிப்புகள், எழுதாவிட்டால் பக்கத்து ஐபிக்கள் முழுவதையும் நம் வீட்டு ஆட்களாக எடுத்துக்கொண்டன. வாடகைச் சர்வரில் பக்கத்து ஐபி யாருடையது என்று நமக்கு எப்படித் தெரியும்?

சோதனையில் தெரியாமல், ஓடத் தொடங்கிய பிறகு கடிக்கிறவை எவை?

நான்கைச் சொல்கிறேன். முதலாவதை அனுபவத்தில் கற்றேன்.

ஒரு நூற்பாலை அலுவலகம். இரவில் மாற்றினோம், எல்லாச் சோதனை மெயிலும் போய்ச் சேர்ந்தது. சாஃப்ட் பவுன்ஸை அப்போது நான் இயக்கவில்லை. காலை ஏழு மணியிலிருந்து மேலாளருக்கு வந்த ஒவ்வொரு மெயிலும் திரும்பிப் போயிருக்கிறது. லாகில் ஒரே வரி திரும்பத் திரும்ப: அஞ்சல் பெட்டியில் எழுத முடியவில்லை, கோப்பு மிகப் பெரியது. அவர் பெட்டி மூன்று ஜிபிக்கு மேல் இருந்தது. போஸ்ட்ஃபிக்ஸ் தானே ஒரு கோப்பில் எழுதும்போது அதன் இயல்பு வரம்பு 51200000 பைட், ஏறத்தாழ 50 எம்பி. சோதனைக்கு நாங்கள் வைத்திருந்த பெட்டிகள் எல்லாம் சின்னவை, அதனால் தெரியவே இல்லை. சரிசெய்ய ஒரு வரி, ஒரு நிமிடம். ஆனால் திரும்பிப் போனவற்றின் பட்டியலை லாகிலிருந்து எடுத்து, அனுப்பியவர்களை ஒவ்வொருவராக அழைத்து மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்க மத்தியானம் ஆகிவிட்டது. அன்றிலிருந்து மெயில்பாக்ஸ் சைஸ் லிமிட்டைப் பூஜ்யமாக்குவதுதான் என் முதல் வரி. பூஜ்யம் என்றால் வரம்பில்லை.

இரண்டாவது, ஒரு மெயிலின் அளவு. சென்ட்மெயிலில் வரம்பு வைக்காமலே இருந்திருப்பீர்கள். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு 10240000 பைட். இணைப்புகள் அனுப்பும்போது குறியாக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும், ஆகவே 8 எம்பி வரைபடம்கூடத் தடுக்கப்படும்.

மூன்றாவது, கூட்டல் குறி முகவரி. கணக்கு+வங்கி@ என்பது போலப் பெயருக்குப் பின்னால் + போட்டு எழுதுகிறவர்கள் இருப்பார்கள். சென்ட்மெயில் அதைப் புரிந்துகொள்ளும். போஸ்ட்ஃபிக்ஸில் பிரிக்கும் குறி என்ன என்று நாம் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அப்படி ஒருவர் இல்லை என்றுவிடும். டெபியன், உபுண்டு தொகுப்புகள் இதையும் முதலாவதையும் தாங்களே மாற்றித் தருகின்றன. ரெட்ஹேட் வகையில் நீங்கள்தான் எழுத வேண்டும்.

நான்காவது சத்தமில்லாதது. மெயில் நான்கு மணி நேரமாகப் போகாமல் இருந்தால் சென்ட்மெயில் அனுப்பியவருக்கு ஒரு எச்சரிக்கை அனுப்பும். போஸ்ட்ஃபிக்ஸ், கேட்காவிட்டால் அனுப்பாது. அந்த எச்சரிக்கையை நம்பிப் பழகியவர்கள் 5 நாள் கழித்துத் திடுக்கிடுவார்கள். டிலே வார்னிங் டைமை 4 மணி நேரமாக வைத்துவிடுங்கள்.

சென்ட்மெயில் வரிசையில் காத்திருக்கும் மெயிலைப் போஸ்ட்ஃபிக்ஸ் எடுத்துக்கொள்ளுமா?

எடுத்துக்கொள்ளாது, இரண்டின் கோப்பு வடிவமும் வேறு. மாற்றும் முன் பழைய சென்ட்மெயில் கட்டளைக்கு வேறு பெயர் கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் ஓடத் தொடங்கிய பிறகு, அந்தப் பழைய கட்டளையால் வரிசையை மட்டும் மணிக்கு ஒரு முறை ஓட்டுங்கள். வரிசை காலியாகும் வரை பழைய கோப்புகளை அழிக்காதீர்கள்.

பெட்டிகளை மாற்றிய பிறகு அவுட்லுக்கில் எல்லா மெயிலும் மறுபடி இறங்குகிறது என்கிறார்கள். ஏன்?

மெயிலைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறையான ஐமேப்பில் ஒவ்வொரு மெயிலுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்கள் இன்னும் செல்லுமா என்று சொல்ல ஃபோல்டருக்கும் ஓர் எண் உண்டு. பெட்டியை வெறுமனே ஒரு ஸ்கிரிப்டால் உடைத்து, மெயிலுக்கு ஒரு கோப்பு வைக்கும் மெயில்டிராக மாற்றினால் இந்த எண்கள் எல்லாம் புதிதாகிவிடும். கணினியிலுள்ள நிரல் இது வேறு பெட்டி என்று நினைத்து அத்தனையும் மறுபடி இறக்கும். நூறு பேர் ஒரே காலையில் அப்படிச் செய்தால் அலுவலக இணைப்பு திணறிவிடும். மெயிலைக் கணினிக்கே இறக்கிக்கொள்ளும் பாப்3 முறையைப் பயன்படுத்தி, சர்வரிலும் பிரதி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் மோசம்: ஒவ்வொரு மெயிலும் இரண்டாகிவிடும்.

இதற்கு வழி, டவ்காட்டின் சொந்தக் கருவியையே பயன்படுத்துவது. முதலில் பழைய எம்பாக்ஸ் கோப்புகளை அப்படியே டவ்காட்டால் திறக்கச் செய்யுங்கள். யூடபிள்யூ ஐமேப் இந்த எண்களை எம்பாக்ஸ் கோப்புக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும். கோப்பைத் திறந்தால் முதல் மெயிலாக "இந்தச் செய்தியை அழிக்காதீர்கள்" என்று ஆங்கிலத்தில் ஒரு தலைப்பு தெரியும், அதில் இருப்பது இதுதான். குப்பை என்று நினைத்து அதை அழித்துவிடாதீர்கள். டவ்காட் அதைப் படித்துப் புரிந்துகொள்ளும். பிறகு டவ்அட்மின் பேக்கப் கட்டளையால் மெயில்டிருக்குக் கொண்டுபோனால் எண்கள், படித்தது, கொடி குத்தியது எல்லாம் கூடவே வரும்.

அந்தக் கட்டளையின் இன்னொரு நன்மை, எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டலாம் என்பது. இரண்டு நாள் முன்பே ஒரு முறை ஓட்டிப் பெரும்பகுதியைக் கொண்டுபோய் விடுங்கள். கடைசி இரவில் சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டினால் மிச்சம் மட்டும் போகும். பாப்3 ஆட்களுக்கு அடையாள எண்ணின் வடிவத்தைத் தனியாகப் பொருத்த வேண்டும், ஒருவரை வைத்துச் சோதித்த பிறகே மற்றவர்களுக்குப் போங்கள்.

எம்பாக்ஸில் இருக்கும் காலத்தில் கோப்பைப் பூட்டும் முறைகளும் அவற்றின் வரிசையும் இரண்டு மென்பொருளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். வரிசை மாறினால் ஒன்றுக்காக ஒன்று காத்து நின்றுவிடும்.

தமிழில் பெயர் வைத்த ஃபோல்டர்கள், பழைய தமிழ் மெயில்கள் கெட்டுப்போகுமா?

கெடாது, நீங்கள் கை வைக்காதவரை. டவ்காட் தமிழ் ஃபோல்டர் பெயரை வட்டில் & குறியில் தொடங்கி - குறியில் முடியும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் வைக்கும். ஐமேப்பின் குறியாக்கம் அது. கோளாறு என்று நினைத்துப் பெயரைத் திருத்தினால் அந்த ஃபோல்டர் தமிழில் தெரியாமல் போகும். யுனிகோடு வருவதற்கு முன் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்திலோ வேறு எழுத்துருவிலோ வந்த பழைய மெயில்களையும் யுனிகோடாக மாற்றுகிறேன் என்று போகாதீர்கள். பைட் மாறாமல் கொண்டுபோவதுதான் நம் வேலை. அவற்றில் சில, அந்தக் காலத் தமிழ் இணையத்தின் வேறெங்கும் இல்லாத பிரதிகளாக இருக்கலாம்.

தமிழிலேயே மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்ள முடியுமா?

போஸ்ட்ஃபிக்ஸைப் பொறுத்தவரை முடியும். 2015இல் வந்த 3.0 பதிப்பு முதல் அந்த வசதி உண்டு. டொமைனுக்கு .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் இருக்கின்றன. ஆனால் எதிர்ப்பக்கச் சர்வரும் அதை ஏற்க வேண்டும். ஏற்காவிட்டால் மெயில் திரும்பிவிடும். தமிழ் முகவரி கொடுக்கிறவர்களுக்கு ஆங்கில எழுத்தில் ஒரு மாற்று முகவரியும் சேர்த்துக் கொடுங்கள். இந்த மாற்றம் எல்லாம் நிலைத்த பிறகு இதில் இறங்கலாம்.

பாஸ்வேர்டு எல்லோரும் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். லினக்ஸ் பயனர் கணக்குகள்தான் என்றால் டவ்காட் அதையே சரிபார்க்கும், போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டிடமே கேட்டுக்கொள்ளும். ஆனால் குறியாக்கம் இல்லாத இணைப்பில் பாஸ்வேர்டு வாங்க டவ்காட் இயல்பாகவே மறுக்கும். 110, 143 போர்ட்டில் பழைய முறையில் அமைத்திருப்பவர்கள் திங்கட்கிழமை காலை வரிசையாக அழைப்பார்கள். ஒரு மாதம் முன்பே அவர்களை 993, 995க்கும், அனுப்புவதற்கு 587 அல்லது 465க்கும் மாற்றி வைத்துவிடுங்கள்.

புதிய இயந்திரம், புதிய ஐபி என்றால்?

மெயில் சர்வர் பெயரின் ஐபியைச் சொல்லும் டிஎன்எஸ் பதிவில், அந்த விடையை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று சொல்லும் டிடிஎல்லை 86400இலிருந்து 300 விநாடியாக ஒரு நாளாவது முன்பே குறையுங்கள். உங்கள் டொமைன் பெயரில் எந்த ஐபிக்கள் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் புதிய ஐபியை முன்கூட்டியே சேருங்கள், பழையதை எடுக்காதீர்கள். ஐபியிலிருந்து பெயருக்குப் போகும் பிடிஆர் பதிவை இணைய நிறுவனம்தான் போட வேண்டும், அதற்கு நாள் ஆகும். வாடகைச் சர்வர் என்றால், சர்வர்கள் தங்களுக்குள் மெயில் அனுப்பும் 25ஆம் போர்ட்டை வெளியே திறந்துவிடுகிறார்களா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். பழைய ஐபியையே புதிய இயந்திரத்துக்குக் கொடுக்க முடிந்தால் அதுதான் சிறந்தது, அதன் நற்பெயரும் கூடவே வரும்.

மெயில் உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் டிகிம் கையெழுத்துக்குப் பெரிய வேலை இல்லை. மெயிலை வெளி நிரலிடம் காட்டும் சென்ட்மெயிலின் மில்டர் வசதியைப் போஸ்ட்ஃபிக்ஸும் 2.3 முதல் ஏற்கிறது, கையெழுத்துப் போடும் பழைய ஓபன்டிகிம் அப்படியே இணையும்.

எந்த நாளில் செய்வது?

சனி இரவு. ஞாயிறு முழுவதும் லாக் பார்க்கக் கிடைக்கும். ஜிஎஸ்டி தாக்கல் நெருங்கும் 11, 20 தேதிகளின் பக்கம் போகாதீர்கள். சாதாரண மெயில் இரண்டு மணி நேரம் காத்திருக்கும், பத்து நிமிடத்தில் காலாவதியாகும் ஓடிபி காத்திருக்காது.

எல்லா முகவரியும் வந்துவிட்டதா என்று எப்படி உறுதி செய்வது?

பழைய சர்வரிலிருந்து பயனர்கள், ஏலியாஸ், விர்ட்யூசர் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக எடுங்கள். சென்ட்மெயில் கட்டளைக்கு -பிவி என்று ஒரு தேர்வு உண்டு. மெயிலை அனுப்பாமல், இந்த முகவரி எங்கே போய்ச் சேரும் என்று மட்டும் சொல்லும். பட்டியல் முழுவதையும் அதில் கொடுத்து விடையைச் சேமியுங்கள். போஸ்ட்ஃபிக்ஸின் அதே கட்டளையும் இதைச் செய்யும், ஆனால் விடையைத் திரையில் காட்டாமல் மெயிலாக அனுப்பும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று வருடம் முன் ஓய்வு பெற்றவரின் முகவரி, யாரோ ஒரு கண்காட்சிக்காகத் திறந்த முகவரி என்று நினைவிலேயே இல்லாதவை எல்லாம் அங்கே வரும். அவற்றையும் விடாதீர்கள்.

இத்தனை பாடு எதற்கு, கூகுளிடமோ ஜோஹோவிடமோ கொடுத்துவிடலாமே?

பத்துப் பேர் அலுவலகம், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றால் கொடுத்துவிடுங்கள், நானே அதைத்தான் சொல்வேன். சர்வரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்து, பழைய மெயில் நம் கையிலேயே இருக்க வேண்டும் என்று நினைத்தால் சொந்தச் சர்வர் இன்றும் நியாயமான முடிவுதான்.

பழைய இயந்திரத்தை எப்போது அணைக்கலாம்?

டிஎன்எஸ் மாறிய பிறகும் சிலர் பழைய ஐபிக்கே வந்துகொண்டிருப்பார்கள். அதுவரை பழைய சர்வர் வாங்குவதை எல்லாம் புதியதற்கு அனுப்பும்படி வையுங்கள். 5 நாள் கழித்து அதன் வரிசை காலியா என்று பாருங்கள். பிறகு அதன் லாகில் யார் இன்னும் உள்ளே வருகிறார்கள் என்று தினமும் ஐந்து நிமிடம் தேடுங்கள். பெரும்பாலும் ஆட்கள் இருக்க மாட்டார்கள், இயந்திரங்கள்தான் இருக்கும்: ஸ்கேன் செய்து மெயில் அனுப்பும் ஜெராக்ஸ் மெஷின், பழுது வந்தால் மெயில் அனுப்பும் யூபிஎஸ், வருகைப் பதிவுக் கருவி. இவற்றில் சர்வரின் பெயர் இருக்காது, எப்போதோ யாரோ எண்ணாகவே ஐபியை அடித்து வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றாகப் போய் மாற்றுங்கள். ஒரு மாதம் லாகில் புதிய வரி எதுவும் வரவில்லை என்றால், வட்டை முழுப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு அணைக்கலாம்.